ஆழியாத்துக்குச் சைக்கிள்ல போறா

ஏனுங்க, அந்த ஜன்னலோர சீட்டை எனக்குக் குடுப்பீங்களா? காத்துக்காகக் கேக்கலீங்க. ரோட்டைப் பார்த்துக்கிட்டே வரணும். இடது பக்கந்தான் வேணும். ரொம்ப சந்தோசமுங்க. இந்தப் பையை இப்படிக் காலுக்கடியில வச்சுக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

நீங்க வால்பாறைக்குங்களா? எஸ்டேட்ல வேலையா? நல்லதுங்க. நான் ஆழியாறு வரைக்குந்தான். டேம் பார்க்கப் போறேன்னு நினைச்சுக்காதீங்க. பொள்ளாச்சியில பொறந்து வளர்ந்தவனுக்கு டேம்ல பார்க்க என்ன இருக்குது? என்ற சம்சாரம் முன்னால போயிக்கிட்டு இருக்கறா. சைக்கிள்ல. அவளை எங்கயாச்சும் ரோட்டோரத்துல இருந்து தூக்கிக்கிட்டு வரணுமேன்னு நான் பின்னால போறேன்.

அப்படிப் பார்க்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். அம்பது வயசு தாண்டுன பொம்பளை. போன வருசம் முழுக்க ஆசுபத்திரியில கெடந்தவ. இன்னிக்கு விடியறதுக்குள்ள தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஆழியாத்துக்குச் சைக்கிள்ல கிளம்பிட்டா. கூட மூணு பொம்பளைங்க. வாசல்ல நின்னு பெல் அடிச்சாளுங்க. ஏழாங்கிளாஸ் புள்ளைங்க மாதிரி.

நான் யாருன்னு கேட்டீங்கன்னா, மார்க்கெட் ரோட்டுல பெயிண்ட் கடை கதிரப்பன்னு சொன்னாப் போதும், காமிச்சு விடுவாங்க. எங்கப்பா காலத்துக் கடைங்க. அவ பேரு சாந்தாமணி. கோட்டூருக்கு அந்தாண்ட ஒரு தோட்டத்துல பொறந்தவ. பொண்ணு பார்க்கப் போனப்பவே அவங்கப்பா சொன்னாருங்க, புள்ளை நல்லா சைக்கிள் ஓட்டும், தோப்புக்குச் சோறு கொண்டாறது, கடைக்குப் போறது எல்லாம் சைக்கிள்தான்னு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை. சின்னப் புள்ளையில யாருதான் ஓட்டலை? கல்யாணத்துக்குச் சீர் சாமானோட அந்தச் சைக்கிளும் வந்துச்சுங்க. பச்சைக் கலரு. முன்னால கூடை. அவளே தொடைச்சு எங்க ஊட்டு நடையில நிறுத்துனா.

எங்க ஊட்டுப் பொம்பளைங்க சைக்கிள்ல போற வழக்கமில்லீங்க. அதுக்காக நான் தடுத்தேன்னு சொல்லக் கூடாது. ஓட்டாதேன்னு ஒரு வார்த்தை நான் சொன்னதே இல்லை. அப்பக் கடையில லோடு கொண்டுபோய்ப் போடறவனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டுச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். சாயந்திரம் அவ வந்து நடையில பார்த்தா, சைக்கிளைக் காணோம், என்னைப் பார்த்தா, உள்ள போயிக் காப்பி போட்டுக் கொண்டாந்தா. எதுக்குக் குடுத்தீங்கன்னு ஒரு கேள்வி இல்லை. மனசுல ஆசை இருந்திருந்தாக் கேட்டிருப்பாளா இல்லீங்களா? இத்தனை வருசத்துல ஒரு நாள் அந்தச் சைக்கிளைப் பத்திப் பேசுனதில்லை. அதனால எனக்கும் தெரியாது.

இதென்ன, இன்னும் அம்பராம்பாளையமே வரலியா? சரி, வரட்டும். பாலத்துக்கிட்டச் சித்த மேடு இருக்குதுல்லீங்க? அங்கதான் அவ உக்காந்திருப்பா. நீங்களும் ஒரு கண்ணு வையுங்க. மஞ்சள் துண்டு கட்டியிருக்கறா. 

அவளுக்கு வந்தது என்ன நோவுன்னு நீங்க கேக்கலை. ஆனாச் சொல்றேன். மாருல கட்டிங்க. அந்த நோவுதான். நான் யாருகிட்டயும் பேரைச் சொன்னதில்லை. கர்ப்பப்பை ஆபரேசன்னுதான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி வச்சேன். மக மோகனாவைத் திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது, அவ மாமியா ஊட்டுல என்ன நினைப்பாங்க? எல்லாத்தையும் நான்தான ரோசனை பண்ணணும்.

கார்த்திகை மாசம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சொன்னா, ஏனுங்க, இங்க ஒரு கட்டி மாதிரித் தட்டுப்படுதுன்னு. வலிக்குதான்னு கேட்டேன். வலி இல்லைன்னா. வலி இல்லைன்னா அப்புறம் என்ன, பொங்கல் சீசன் முடியட்டும், பார்க்கலாம்னேன். உங்களுக்குத் தெரியுமுங்களே, பெயிண்ட் கடைக்காரனுக்குப் பொங்கலுக்கு முன்னால இருக்கற ரெண்டு மாசந்தான் வருசம். ஊரே வெள்ளையடிக்குது, நான் கடையைப் பூட்டிட்டு எங்க போறது? பொங்கல் முடிஞ்சுது. அப்புறம் என்ற பங்காளி ஊட்டுக் கல்யாணம் வந்துச்சு. அதுவும் முடிஞ்சுது. அவ மறுபடி சொல்லவே இல்லீங்க. மோகனா லீவுக்கு வந்தப்பத்தான் பார்த்துட்டு அழுது, அன்னிக்கே கோயமுத்தூர் கூட்டிக்கிட்டுப் போனா.

அங்க ஒரு லேடி டாக்டருங்க. சின்ன வயசு. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்கன்னு என்னைப் பார்த்துக் கேக்குது. நான் சொன்னேன், பொம்பளைங்க எங்க வாயைத் தொறந்து சொல்றாங்கம்மான்னு. நாலு பேருக்குத் தெரிஞ்ச விசயந்தானுங்களே, பொம்பளைங்க எதையும் சொல்ல மாட்டாங்கன்னு. சாந்தாமணி பக்கத்துலதான் உக்காந்திருந்தா. தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் மடியில இருந்த பையைப் பார்த்துக்கிட்டா.

ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அப்புறம் மருந்து ஏத்துனாங்க, ரேடியேசன்னு கரண்ட் வச்சாங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. ஆபரேசன் பண்ணுன பக்கத்துக் கை அப்பப்ப வீங்கிக்கும், அதுக்கு இறுக்கமா ஒரு உறை குடுத்திருக்காங்க, போட்டுக்கணும். இந்தப் பையில ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சிருக்கேன். அவ மறந்துட்டுப் போயிருப்பா.

நான் பார்த்துக்கிட்ட மாதிரி யாரும் பார்த்துக்க முடியாதுங்க. இதை நானே சொல்லிக்கக் கூடாது. ஒரு கரண்டி எடுக்க விடலை. சமைக்க ஆள் போட்டேன். பின்கட்டு ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு, இளம் பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னு நானே சேடு பார்த்து அடிச்சு, அங்க கட்டிலைப் போட்டேன். மூஞ்சி பார்க்கற கண்ணாடியைக் கழட்டிட்டேன், அவ பார்த்து வெசனப்படக் கூடாதுன்னு. யாரு பார்க்க வந்தாலும் தூங்கறான்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவேன். பக்கத்து ஊட்டு ஜெயந்தி டீச்சர் எத்தனை தடவை வந்துச்சு தெரியுமுங்களா? ஒரு தடவை கூட உள்ள விடலை. வியாதிக்காரிக்கு ஓய்வு வேணுமா வேண்டாமா?

ஆசுபத்திரியில அவளுக்கு மருந்து ஏறிக்கிட்டு இருக்கறப்ப நான் பாத்ரூமுக்குள்ள போயிக் குழாயைத் தொறந்து விட்டுக்குவேன். தண்ணிச் சத்தத்துல வெளியே ஒண்ணும் கேக்காதுல்லீங்க. அது அவளுக்குத் தெரியாது. எதுக்குத் தெரியணும்? ஆம்பளை தெம்பா இருந்தாத்தான அவளுக்கும் தெம்பு வரும்.

பாலம் வந்துருச்சு. அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பார்க்கறேன். மரத்தடியில யாரோ நிக்கறாங்க. இல்லீங்க, அது இளநி விக்கறவரு. காணோமே. இந்த மேட்டை ஏறிட்டாளா? வண்டியைத் தள்ளிக்கிட்டு ஏறியிருப்பா. அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் முன்னால உக்காந்திருப்பா.

சைக்கிள் எப்படி வந்துச்சுன்னுதான கேட்டீங்க? எல்லாம் அந்த ஜெயந்தி டீச்சரால வந்தது. அதோட மகளுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிளு, புள்ளை காலேஜ் ஆஸ்டலுக்குப் போனதுக்கப்புறம் செட்டுல சும்மா கெடந்துச்சு. வைத்தியம் எல்லாம் முடிஞ்சு, இனி மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காமிச்சாப் போதும்னு டாக்டர் சொல்லி அனுப்பிட்டாங்க. நான் கடைக்குப் போன நேரமாப் பார்த்து இவ காம்பவுண்டுச் செவுத்துக்கு அந்தாண்ட எட்டிப் பார்த்திருக்கறா. ஒரு துணி குடு டீச்சர், தொடைச்சு வைக்கறேன்னு கேட்டாளாம். தொடைச்சிருக்கறா. மறுநாள் தள்ளிக்கிட்டே தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்திருக்கறா. பக்கத்துத் தெருவுல ஒரு ஆளு என்ற கடைக்கு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் கேட்டதுக்கு, சும்மா தள்ளத்தானுங்க தள்ளுனேன், கால் வீசி நடக்க வசதியா இருக்குதுன்னா. சரி, தள்ளறதுதானேன்னு விட்டேன். அதுதான் நான் விட்ட எடம்.

ஒரு நாள் சாயந்திரம் கடையில இருந்து வந்து பார்த்தாக் கட்டில்ல ஆளைக் காணோம். ஊடெல்லாம் தேடி, தெருவெல்லாம் தேடி, கடைசியில ஸ்கூல் கிரவுண்டுக்குப் போனேன். அங்க சுத்திக்கிட்டு இருக்கறா. தலையில துண்டு. அப்பத்தான் முடி முளைச்சுக்கிட்டு இருந்துச்சு. கிரவுண்டுல ஒருத்தரும் இல்லை. சுத்திச் சுத்தி வர்றா. கேட் பக்கத்துல நின்னேன். கூப்பிடத்தான் போனேன், உடனே கூப்பிடலை, ஏன்னு தெரியலீங்க. கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன். கோணல்மாணலா இல்லை, நேரா ஓட்டுறா. வளைவுல அப்படியே சாஞ்சு திரும்புறா. அவ அப்படித் திரும்புவான்னு எனக்கென்ன தெரியும்? அப்புறம் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். சாந்தாமணின்னு. என்ற சத்தத்தைக் கேட்டதும் ஹேண்டில் ஆடி, பொத்துன்னு விழுந்துட்டா.

பார்த்தீங்களா? நான் வரலைன்னா என்ன ஆகியிருக்கும்? முழங்கால்ல தோல் உரிஞ்சு ரத்தம். நல்ல வேளை, வைத்தியம் பண்ணுன கையில அடி படலை. ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்து மருந்து போட்டேன். இனி வேண்டாம்னேன். சரி, புரிஞ்சுக்கிட்டான்னு இருந்தேன். மறுநாள் சாயந்திரம் மறுபடி போயிட்டா.

அதுக்கப்புறம் நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்தேனுங்க. எல்லாம் அவ நல்லதுக்குத்தான். காலையில கடைக்குக் கிளம்பறப்ப டீச்சர் ஊட்டுச் செட்டுக்குள்ள போயிச் சைக்கிள்ல காத்தைப் புடுங்கி விட்டுருவேன். அவ தள்ளிக்கிட்டுப் போயிப் பஞ்சர் கடையில காத்தடிச்சுக்குவா. பஞ்சர் கடைக்காரன் நம்ம கடையில சாமான் வாங்கறவந்தான், சொல்லி வச்சேன், கம்ப்ரசர் ரிப்பேருன்னு சொல்லிரு தம்பின்னு. அவனும் சொல்லியிருக்கறான். இவ என்ன பண்ணுனா தெரியுமுங்களா? ஒரு கை பம்பு வாங்கிக்கிட்டு வந்து அவளே அடிச்சுக்கறா. எந்தக் கையில? வைத்தியம் பண்ணுன கையில. நான் காத்தைப் புடுங்குனதால அந்தக் கைக்கு வேலை ஆகிப்போச்சு. அவ பிடிவாதத்தால எத்தனை பேருக்குக் கஷ்டம் பாருங்க.

டாக்டரம்மாவாவது சொல்லட்டும்னு, காமிக்கப் போறப்ப நானே புகார் சொன்னேன். அந்தம்மா கையைப் பிடிச்சுப் பார்த்துச்சு, அளந்து பார்த்துச்சு. வீக்கம் நல்லாக் குறைஞ்சிருக்குது, என்ன பண்றீங்கன்னு கேட்டுச்சு. இவ சைக்கிள் ஓட்டறேங்கறா. ரொம்ப நல்லது, மெதுவா ஓட்டுங்க, மேடு பள்ளம் பார்த்துப் போங்க, தூரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுங்கன்னு சொல்லிருச்சு. நான்தான் சொன்னேனே, சின்ன வயசுன்னு. வெளியே வந்து வராந்தாவுல நின்னு இவ மோகனாவுக்குப் போன் பண்ணிப் பேசறா. சின்னப் புள்ளையில அப்பா சைக்கிள்ல பாருக்குக் கீழ காலை விட்டு அரைப் பெடல் அடிச்சதையும், வாய்க்கால் மேட்டுல இருந்து ரெண்டு கையையும் விட்டுட்டு இறங்குனதையும், காத்து காதுக்குள்ள ஊன்னு கேக்குமாம், அதையும். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு பேசறா. என்கிட்ட ஒரு நாள் இதெல்லாம் சொன்னதில்லீங்க. சொல்றதுக்கு என்ன? நான் என்ன கேக்க மாட்டேன்னா சொன்னேன்?

இப்ப என் வருத்தம் சைக்கிள் கூட இல்லீங்க. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. வாக்கிங் போறவங்க, பால் ஊத்தறவங்க, யாரு கேட்டாலும், எனக்குப் புத்துநோய் இருந்துச்சுங்க, ஒரு பக்கம் எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கறேன்னு பட்டுன்னு சொல்லிப்போடறா. நான் கர்ப்பப்பைன்னு சொல்லி வச்ச மானம் என்ன ஆகறது? போன மாசம் ஒரு ஆளு கடைக்கு வந்தாரு. எனாமல் வாங்கத்தான் வந்தாருன்னு நினைச்சேன். வந்தவரு என்ற கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு சம்சாரத்துக்கும் இதே நோவாம். மருந்து ஏத்தறதுக்குப் போக மாட்டேன்னு படுத்துக் கெடந்துச்சாம். ஜன்னல் வழியா சாந்தாமணி சைக்கிள்ல போறதைப் பார்த்து, இவளை நிறுத்தி, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, மறுநாள் எந்திரிச்சு ஆசுபத்திரிக்குப் போச்சாம். உங்க ஊட்டம்மா தெய்வங்கன்னு கண்ணுல தண்ணி விடறாரு. கடையில நாலு பேரு நிக்கறாங்க. ஆளு மாறி வந்துட்டீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அங்கலக்குறிச்சி வருது. இங்கயும் காணோம். இத்தனை தூரம் வந்துட்டாளா? இல்லை, வேற பாதையில எங்கயாச்சும் திரும்பிட்டாங்களா? போன் பண்ணலாம், எடுத்தா நான் பஸ்ல வர்றது தெரிஞ்சுரும். வேண்டாம், விடுங்க.

நேத்துச் சாயந்திரம் நடந்ததைச் சொல்றேன். சோறு போட்டுக்கிட்டே சொல்றா, நாளைக்கு ஆழியாறு போறோமுங்கன்னு. யாரைக் கேட்டு முடிவு பண்ணுனேன்னேன். கேக்க வரலீங்க, சொல்லத்தான் வந்தேன்னா. ரசத்தை ஊத்துனா. எனக்குக் கோவம் வரலை, பயந்தான் வந்துச்சு. அப்பத்தான் கேட்டேன்.

"உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தா.

"ஆச்சுங்களே. அப்ப என்ன பண்ணுனீங்களோ, அதையே பண்ணுங்க."

பாருங்க, எவ்வளவு பெரிய வார்த்தை. எத்தனை வருசத்துக்கு ஒரு தடவை வாயைத் தொறந்தாலும் அவ மனசுல இருக்கறது இதுதான். நான் பார்த்துக்கிட்டதை அவ மறக்கலை. அவ்வளவு நம்பிக்கை என் மேல. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், பின்னாலயே போறதுன்னு. குளுக்கோஸ், மாத்திரை, மாத்துத்துணி, எல்லாம் எடுத்து வச்சுட்டேன். அவ கிளம்பிப் போனதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு பஸ் ஏறுனேன்.

அதா. அதா பாருங்க. சைக்கிள் தெரியுதுங்களா? புளியமரத்துக்கு அந்தாண்ட. முதல்ல டீச்சர். அதுக்கு முன்னால ரெண்டு பேரு. மஞ்சள் துண்டைக் காணோமே. எங்க விட்டுட்டு வந்தாளுக? டீச்சரைத் தாண்டியாச்சு. இவங்க ரெண்டு பேரையும் தாண்டியாச்சு. ஐயோ, நாலு பேருல ஒருத்தியைக் காணோமுங்க.

இருங்க. அங்க முன்னால. எல்லாருக்கும் முன்னால. இறக்கத்துல போறது. அவதான். அவளேதான். எதுக்கு இத்தனை வேகம்? பிரேக்கைப் பிடிக்கறாளா பாருங்க, கையை எடுத்துட்டாளா? நான் தலையில துண்டைப் போட்டுக்கறேன், அவ நிமிர்ந்து பார்த்துரப் போறா. நீங்க பார்த்துச் சொல்லுங்க. வேண்டாம், நானே பார்க்கறேன். மூஞ்சி தெரியுது. மூச்சு வாங்குறா பாருங்க. வாயைத் தொறந்துக்கிட்டு. தோளெல்லாம் குலுங்குது. நான் சொன்னேன்ல, நான் அப்பவே சொன்னேன்ல, முடியாதுன்னு. கண்டக்டரைக் கூப்பிடுங்க. விசில் அடிக்கச் சொல்லுங்க. வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.

என்னது?

இல்லீங்க. மூச்சுத்தான் வாங்குது. உங்களுக்குத் தெரியாது. அவ கூட முப்பது வருசம் குடித்தனம் பண்ணுனவன் நானு. சிரிக்கறான்னா எனக்குத் தெரியாதா? அவ சிரிச்சா முந்தானையில வாயைப் பொத்திக்குவாளுங்க. எப்பவும் அப்படித்தான். கண்ணு மட்டுந்தான் தெரியும். சத்தமே வராது.

தாண்டிட்டமா?

கண்டக்டரைக் கூப்பிட வேண்டாமுங்க. விடுங்க, போகட்டும்.

ஏனுங்க, நீங்க நல்லாப் பார்த்தீங்கல்ல. மேல் வரிசையில, இந்தப் பக்கம், ஒரு தெத்துப்பல்லு இருந்துச்சுங்களா? ஆமாங்களா? நானும் இப்பத்தான் பார்த்தேன். எனக்குத்தான் கண்ணு அப்படித் தெரிஞ்சுதோன்னு நினைச்சேன்.

இல்லீங்க, கண்ணுல தூசி. ஜன்னலோரம் உக்காந்தா இதுதான்.

ஆழியாறுங்களா? செக்போஸ்ட் வந்துருச்சா? நீங்க உக்காருங்க, வழி விட வேண்டாம். நான் இறங்கலை. கண்டக்டர் இந்தப் பக்கம் வந்தாருன்னா எனக்கும் வால்பாறைக்கு ஒரு டிக்கெட் கேளுங்க. இங்க இறங்கி நின்னேன்னு வையுங்க, வந்ததும் என்னைப் பார்ப்பா. பார்த்ததும் வாயைப் பொத்திக்குவாளுங்க.